ஆறு ஸ்டூல்களும் ஒரு மாடிக் கதவும்: எங்கள் ஜவுளிக்கடை முதலாளிக்கு ஒரு திறந்த மடல்

முதலாளி அவர்களுக்கும், இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் பிள்ளைகளுக்கும்,

ஆடித் தள்ளுபடி தொடங்கிய அன்று காலை சாப்பாட்டு அறைப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டே வரி. விற்பனைத் தளத்தில் இனி ஊழியர்களுக்கு ஸ்டூல் கிடையாது. கடை திறக்கும் முன்பும் பின்பும் யாரும் மொட்டைமாடிக்குப் போகக் கூடாது. நாங்கள் இரண்டாம் மாடிக்கு ஏறிப் பார்த்தபோது பட்டுப் பிரிவில் இருந்த ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல்களும் குடோனுக்குப் போயிருந்தன. மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

அந்த இரண்டு வரியும் யார் தலையில் விழும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரியாமல் போனதில் எங்கள் பங்கும் உண்டு. நாங்கள் யாரும் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. ஆண்கள் நிறைந்த ஆபீஸ் அறையில் போய் நின்று எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று கூச்சம். அந்தக் கூச்சத்தைவிட இப்போது வலி பெரிதாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 49 வயது. 26 வருடமாக உங்கள் கடையில் நிற்கிறேன். மாதவிடாய் நிற்கிற வயது எனக்கு. எனக்கு மட்டுமில்லை, மூன்று மாடியிலும் சேர்த்து 45-ஐத் தாண்டிய பெண்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. மேலை நாட்டுப் பெண்களுக்கு 51 என்கிறார்கள். நமக்கு நாலைந்து வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. வருவதும் ஒரே நாளில் கதவைச் சாத்தினாற்போல வராது. தொடர்ந்து ஒரு வருடம் தீட்டு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாக டாக்டர்கள் கணக்கு வைப்பார்கள். அதற்கு முன்னால் சில வருடங்கள் இழுக்கும். மூன்று மாதம் ஒன்றுமிருக்காது, திடீரென்று ஒரு முகூர்த்த நாளில், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், கொட்டித் தீர்க்கும்.

அதைவிடப் பெரிய பாடு அந்தச் சூடுதான். குப்பென்று மார்பிலிருந்து கிளம்பிக் கழுத்து, முகம், காது மடல் என்று ஏறும். நெஞ்சு படபடக்கும். ஒரு நிமிடத்தில் ரவிக்கை நனைந்துவிடும். அது அடங்கியதும் அதே உடம்பு ஏசிக் காற்றில் நடுங்கும். இதற்கு நாங்கள் சாப்பிட்டதோ, பதற்றப்பட்டதோ காரணமில்லை. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடம்புச் சூட்டைக் காக்கிற மூளைப் பகுதி தடுமாறிப் போகிறது. கொஞ்சம் சூடு கூடினாலும் உடம்பே கொதிப்பதாக எடுத்துக்கொண்டு ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டவைக்கிறது. ஒரு தடவை வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஒரு நாளில் எத்தனை தடவை என்பதற்குக் கணக்கில்லை. ராத்திரி வந்தால் தூக்கம் போச்சு. பலருக்கு இது ஏழு வருடத்துக்கு மேல்கூட நீள்கிறது. ஒரு வாரம் லீவு போட்டுத் தீர்த்துக்கொள்கிற விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

போன தை மாதம் நடந்ததைக் கேளுங்கள். கல்யாணப் பார்ட்டி, பதினோரு பேர். பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு பார்க்கிறார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர், கெட்டி ஜரிகை. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபோது அந்தச் சூடு வந்தது. கை இரண்டும் புடவையில் இருக்கிறது, நெற்றியைத் துடைக்க வழியில்லை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்பது எனக்கே தெரிகிறது. தலையைத் திருப்புவதற்குள் விழுந்துவிட்டது. மஞ்சள் பட்டில் ஒரு மிளகு அளவுக்குக் கருத்த வட்டம். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "வேற எடுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல காரியத்துக்கு எடுக்கிற புடவை.

அன்று ஸ்டூல் இருந்தது. பக்கத்துச் செக்‌ஷன் அக்காவிடம் பார்ட்டியை ஒப்படைத்துவிட்டு, ரேக்குக்குப் பின்னால் போய் மூன்று நிமிடம் உட்கார்ந்தேன். மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விட்டேன். நனைத்த கைக்குட்டையைக் கழுத்தில் வைத்துக்கொண்டேன். படபடப்பு அடங்கியது. திரும்பி வந்து அதே பார்ட்டிக்கு நாலு பட்டுப் புடவையும், பெண்ணின் அத்தைகளுக்கு ஏழு புடவையும் காட்டி பில் போட அனுப்பினேன். அந்த மூன்று நிமிடம் இல்லாமல் இருந்தால் அது நடந்திருக்காது.

நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்காது. சுடிதார் பிரிவில் இருக்கிற அக்காவுக்கு 52 வயது. மத்தியானம் மூன்று மணி, கூட்டம் நெரிகிறது. அவர் முகம் வெளிறி ரேக்கைப் பிடித்தார், அப்படியே சரிந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து எழுப்பி நிறுத்தினோம். சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு, வேலை நேரத்தில் தரையில் உட்கார்ந்ததற்கு விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள். அவர் அந்தக் கடிதத்தில் "தலை சுற்றியது" என்று மட்டும் எழுதினார். இந்தக் கடையில் அவர் பேரில் வாங்கிய முதல் விளக்கக் கடிதம் அது, 19 வருடத்தில்.

இப்போது மொட்டைமாடி. அங்கே நாங்கள் என்ன செய்தோம் என்று கேமராவில் பார்த்துவிட்டுத்தான் பூட்டினீர்கள் என்று கேள்விப்பட்டேன். கேமராவில் சத்தம் கேட்காது, காரணமும் தெரியாது. நானே சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் வலிக்கு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஃபிசியோதெரபி அறையில் இருந்த பெண், என் மகள் வயதுதான் இருக்கும், என் வேலையைக் கேட்டுவிட்டு, வயதைக் கேட்டுவிட்டு, மாதவிடாய் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். அதுவரை என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. நாளெல்லாம் நிற்கிறேனே, அதுவே உடற்பயிற்சிதானே என்று சொன்னேன். "இல்லம்மா, ஒரே இடத்துல நிக்கிறது பயிற்சி இல்ல, பாரம்" என்றார். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் அது மேலே ஏறும். நம் கடையில் பாதிப் பெண்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு நிற்பது அதனால்தான். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேயத் தொடங்கும், தசையும் வற்றும், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் எட்டிப்பார்க்கும், அதனால் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பழக்குங்கள் என்று ஐந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

அதைத்தான் மாடியில் செய்தோம். காலை எட்டே முக்காலிலிருந்து ஒன்பது வரை, பதினைந்து நிமிடம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குவது. சுவரில் இரு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்து பின்னால் வருவது. பட்டுப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி இறுகிப்போன தோளைச் சுழற்றுவது. ஸ்டூலில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காருவது, பத்து தடவை. எடுத்துப் பூட்டிய அந்த ஸ்டூல்தான் எங்களுக்கு மூட்டுப் பயிற்சிக்கும் கருவி. கடைசியாக ஒன்று, எல்லாரும் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். மூத்திரத்தை அடக்குவது போல அடியில் இறுக்கி, ஐந்து எண்ணி, விடுவது. இருமினால், தும்மினால், கனமான பெட்டியைத் தூக்கினால் இரண்டு சொட்டு கசிகிறது என்ற வெட்கத்தைப் பல வருடமாகச் சுமந்தவர்கள் எங்களில் நாலு பேர். மூன்று மாதம் விடாமல் செய்தபோது மூன்று பேருக்கு அது நன்றாகக் குறைந்தது. நாலாமவரை டாக்டரிடம் அனுப்பினோம்.

உடற்பயிற்சி செய்தால் அந்தச் சூடு பறந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பறக்கவில்லை. ஆராய்ச்சி செய்தவர்களும் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் தூக்கம் வந்தது. முழங்கால் படியேற இடம் கொடுத்தது. காரணமில்லாமல் அழுகை வருவதும், வீட்டில் எரிந்து விழுவதும் குறைந்தது. சூடு வந்தாலும் பயப்படாமல், இது வரும், மூச்சு விட்டால் போகும் என்று இருக்கப் பழகினேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. ஆறு நாளும் மாடியில் பதினைந்து நிமிடம் என்றால் 90 நிமிடம். மீதியை ஒரு நிறுத்தம் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கைவீசி நடந்து சேர்த்துக்கொண்டோம். வேறு எங்கே, எப்போது செய்வோம்? காலை நாலரைக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டு வருகிறோம். கடை மூடி, மடிப்பு முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போக ராத்திரி பத்தரை ஆகிறது. பூங்கா திறக்கும்போது நாங்கள் அடுப்படியில் இருக்கிறோம், மூடும்போது உங்கள் கடையில் இருக்கிறோம்.

மாடியில் வேறொன்றும் நடந்தது. ஒருத்தி கேழ்வரகுக் கூழ் கொண்டுவருவாள், ஒருத்தி எள்ளுருண்டை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதென்று அந்த ஃபிசியோதெரபி பெண் சொன்னதிலிருந்து அது எங்கள் வழக்கம். சாயங்காலக் காபியை விட்டால் ராத்திரி வியர்வை குறைகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னாள். ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்த தீட்டு மறுபடி லேசாகப் பட்டதை இன்னொருத்தி அங்கேதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று அடுத்த நாளே இரண்டு பேர் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல வேளை, பயப்படும்படி ஒன்றுமில்லை. அந்தப் பதினைந்து நிமிடம் இல்லாவிட்டால் அவள் யாரிடம் சொல்லியிருப்பாள்?

சொல்லாமல் விட்டதன் விலையையும் பார்த்திருக்கிறேன். எங்களோடு இருந்த ஒருத்திக்கு 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மாதாமாதம் உதிரப்போக்கு அதிகம், லீவு போட்டால் சம்பளம் பிடிப்பு, தீபாவளி சமயத்தில் லீவே கிடையாது. மாத்திரையில் சரியாகுமா, வேறு வழி உண்டா என்று பார்க்கப் போய்வரவே அவளுக்கு நாள் கிடைக்கவில்லை. "எடுத்துட்டா தொல்லை விட்டுது அக்கா" என்றாள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் அவளுக்கே தெரிந்தது. எங்களுக்குச் சில வருடங்களில் மெல்ல வருவது அவளுக்கு ஒரே வாரத்தில் வந்தது. அடுத்த வருடம் வேலையை விட்டுப் போனாள். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கெல்லாம் உத்தரவு போட்டது. அதற்குள் அவளுக்கு எல்லாம் முடிந்திருந்தது.

ஊழியர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வருகிறவர்கள் மதிக்க மாட்டார்கள், கடைக்கு மரியாதை குறையும் என்று மேனேஜர் சார் சொன்னார். முதலாளி, உங்களுக்கு நினைவிருக்கும். நான் சேர்ந்த புதிதில் பட்டுப் பிரிவில் கண்ணாடிக் கவுன்ட்டர் கிடையாது. மேடைபோட்டு வெள்ளை விரிப்பு போர்த்திய மெத்தை. புடவை காட்டுகிறவர்களும் உட்கார்ந்திருப்போம், வாங்க வருகிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்காருவார்கள். உங்கள் அப்பா, பெரிய அண்ணாச்சி, தானே வந்து அந்த மெத்தையில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு அந்தக் கத்திரிப்பூக் கலரை எடுத்துக் காட்டு" என்பார். அப்படி உட்கார்ந்து விற்றுத்தான் இந்த மூன்று மாடியும் எழும்பியது. மெத்தை போய்க் கவுன்ட்டர் வந்த பிறகுதான் நிற்பது மரியாதை ஆனது. மூன்று தலைமுறையாக நம் கடைக்கு வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் யாராவது, உட்கார்ந்திருந்தவர்களிடம் வாங்க மாட்டேன் என்று திரும்பிப் போனதுண்டா?

சட்டமும் உங்களுக்குத் தெரியாததல்ல. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-ஏ என்று ஒரு பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், நாள் முழுக்கக் காலில் நிற்கவைக்கக் கூடாது என்பது அதன் பொருள். நமக்கு முன்னால் 2018-இல் கேரளத்தில் இது வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜியும் அவரோடு சேர்ந்த பெண்களும் முதலில் கழிப்பறைக்காகவும் அப்புறம் இருக்கைக்காகவும் வருடக்கணக்கில் போராடி வாங்கியது அது. நம் கடைக்கு அந்த ஆறு ஸ்டூலும் வந்தது இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். வந்ததை எடுக்க ஆடித் தள்ளுபடி ஒரு காரணம் ஆகாது. கூட்டம் அதிகமான நாளில்தான் கால் அதிகம் வலிக்கிறது.

கழிப்பறை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மேல் தளத்தில் இருக்கிறது. போகும்போது ரிஜிஸ்டரில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். அந்த நோட்டைப் புரட்டினால் தெரியும், பெண்கள் பக்கம் எவ்வளவு காலியாக இருக்கிறதென்று. அடக்கமாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போக வேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வயதில் அங்கே தோலே உலர்ந்து மெலிந்து போகும், நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வியர்த்துக் கொட்டுகிற உடம்புக்குத் தண்ணீரும் இல்லையென்றால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

எங்கள் யூனிஃபார்மை ஒரு நாள் உங்கள் வீட்டுப் பெண்களிடம் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாலியஸ்டர் புடவை, அதற்கு மேல் கழுத்து மூடிய கோட்டு. கீழ்த்தளத்தில் செட்டிநாடு காட்டனும் நெகமம் காட்டனும் அடுக்கி வைத்து, உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லி நாங்களே விற்கிறோம். காலை எட்டரைக்கு சரக்கு அடுக்கத் தொடங்கும்போது ஏசி கிடையாது, கூட்டம் வந்த பிறகுதான் போடுவார்கள். மாடிக் கதவைப் பூட்டிய பிறகு அந்த மூடிய ஹாலில்தான் காலைப் பொழுது முழுக்க நிற்கிறோம்.

நாங்கள் கேட்பது இவைதான்.

ஆறு ஸ்டூலையும் குடோனிலிருந்து எடுத்து அதே இடத்தில் போடுங்கள். மற்ற தளங்களிலும் செக்‌ஷனுக்கு இரண்டாவது போடுங்கள். கஸ்டமர் நிற்கும்போது நாங்கள் உட்கார மாட்டோம், அது எங்களுக்குத் தெரியும். மாடிக் கதவைக் காலை எட்டே முக்காலுக்குத் திறந்து ஒன்பதுக்குப் பூட்டுங்கள். சாவியை சூப்பர்வைசரே வைத்துக்கொள்ளட்டும். சரக்கு அடுக்கும் நேரத்தில் ஃபேனாவது ஓடட்டும். கழிப்பறை ரிஜிஸ்டரை எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு தளத்திலும் ஊழியர்களுக்கு ஒரு குடிதண்ணீர் கேன் வையுங்கள். அடுத்த யூனிஃபார்ம் தைக்கும்போது 45 வயதைத் தாண்டியவர்களுக்காவது காட்டன் புடவை கொடுங்கள், கோட்டு வேண்டாம். உதிரப்போக்கு அதிகமாகி டாக்டரிடம் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். மாதம் ஒரு நாள் என்று வைத்தால்கூடப் போதும். சுடிதார் பிரிவு அக்காவிடம் வாங்கிய விளக்கக் கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

இதில் பெயர் போடவில்லை. என் எழுத்து உங்களுக்குத் தெரியும். 26 வருடமாக ஸ்டாக் நோட்டு நான்தான் எழுதுகிறேன். பதினான்கு பேரும் இதைப் படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன். ஆடிப்பெருக்கு விற்பனை தொடங்குவதற்குள் உங்கள் பதிலை அதே சாப்பாட்டு அறைப் பலகையில், அந்த நோட்டீஸை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒட்டுங்கள். அதற்குள் வரவில்லை என்றால், மறுநாள் நாங்கள் எல்லாரும் இதன் நகலோடு தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போவோம்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி பட்டுப் பிரிவிலிருந்து